மஞ்சு, வெயில், முகம் - போடி மலையில மீட்டரிங் பத்தி கொஞ்சம்

கேமரா வாங்கின புதுசுல எல்லாரும் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூணையும் கரைச்சுக் குடிச்சிடறோம். ஆனா அந்த மூணுக்கும் எவ்வளவு வைக்கணும்னு நம்ம காதுல ஓதறது யாருன்னு யோசிக்கறதே இல்ல. அது உள்ளே உக்காந்திருக்கற மீட்டர். மேனுவல் மோடுல எடுக்கற "நான் எல்லாம் ஆட்டோ தொட மாட்டேன்" ஆளுங்க கூட அந்த முள்ளு நடுவுல நிக்குதான்னு பார்த்துத்தான் அமுக்கறாங்க. அப்ப அந்த முள்ளு எதை வெச்சு பேசுதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது இல்லையா?

இந்த மீட்டரிங் சமாச்சாரத்தைப் படிக்க போடிநாயக்கனூர் மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காது. பெருமைக்குச் சொல்லல. காலையில சமவெளியில சுள்ளுன்னு வெயில். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போனா கண்ணு தெரியாத மஞ்சு. அங்கேருந்து பூப்பாறை பக்கம் இறங்கினா ஏலத்தோட்டத்துக்குள்ள பட்டப்பகல்ல அரை இருட்டு. ஒரே காலையில மூணு விதமான வெளிச்சம். ஒரே செட்டிங் வெச்சுக்கிட்டு மூணையும் எடுக்க முடியாது.

மீட்டருக்குத் தெரியாத ஒரு விஷயம்

கேமராவோட மீட்டர் பொருள் மேல விழற வெளிச்சத்தை அளக்கறதில்ல. பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை அளக்குது. இங்கதான் வம்பே. எதிர்ல இருக்கறது வெள்ளை வேட்டியா, கரிமூட்டையான்னு அதுக்குத் தெரியாது. உலகத்துல எல்லாமே சராசரியா ஒரு நடுச் சாம்பல் நிறம், வர்ற வெளிச்சத்துல சுமாரா 18 சதவீதத்தை திருப்பி அனுப்பும்னு ஒரு கணக்கு வெச்சுக்கிட்டு, எதைப் பார்த்தாலும் அந்தச் சாம்பலாக்கப் பார்க்கும்.

நல்லா வெளுத்த வேட்டி சுமார் 90 சதவீதம் திருப்பி அனுப்பும். சாம்பலை விட அஞ்சு மடங்கு. அதாவது ரெண்டு ஸ்டாப்புக்கும் கொஞ்சம் மேல. ஃபிரேம் முழுக்க வேட்டியை வெச்சு மீட்டர் சொன்னபடி எடுத்தீங்கன்னா அழுக்கு வேட்டிதான் வரும். கரிமூட்டையை எடுத்தா வெளுத்துப் போன கரி. மீட்டர் பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாட்டை பாடுது. எங்க காது கொடுக்கணும், எங்க "போதும்பா"ன்னு சொல்லணும்கறதுதான் நம்ம வேலை.

நாலு மோடு, நாலு குணம்

மேட்ரிக்ஸ்: நிக்கான்ல இந்தப் பேரு, கேனான்ல எவாலுவேட்டிவ், சோனியில மல்டி. பேருதான் வேற, ஆள் ஒண்ணுதான். ஃபிரேமை பல கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு வெளிச்சம்னு பார்த்து, "இது வானம் போல, இது முகம் போல"ன்னு ஊகிச்சு ஒரு நம்பர் சொல்லும். 1983ல வந்த நிக்கான் எஃப்ஏ தான் இதை முதல்ல கொண்டு வந்த கேமரா. வெறும் அஞ்சே கட்டம். 1987ல கேனான் ஈஓஎஸ் 650ல ஆறு கட்டம். இப்ப வர்ற மிரர்லெஸ்ல சென்சார் முழுக்கவே மீட்டர்தான்.

சென்டர் வெயிட்டட்: நடுவுல இருக்கறதுக்கு அதிக மரியாதை, ஓரத்துக்கு கம்மி. பழைய ஃபிலிம் கேமராக்காரங்களோட தோழன். புத்திசாலித்தனம் கிடையாது. அதனாலயே எப்ப ஏமாறும்னு முன்கூட்டியே சொல்லிடலாம். அது ஒரு பெரிய வசதி.

ஸ்பாட்: ஃபிரேம்ல ஒன்றரை முதல் அஞ்சு சதவீதம் வரைக்கும் உள்ள ஒரு பொட்டை மட்டும் பார்க்கும் (கேமராவைப் பொறுத்து மாறும்). சுத்தி வீடு எரிஞ்சாலும் அதுக்குக் கவலை இல்ல. நிக்கான்ல பொதுவா நீங்க தேர்ந்தெடுக்கற ஃபோகஸ் பாயிண்ட் கூடவே இந்தப் பொட்டும் நகரும். கேனான் டிஎஸ்எல்ஆர்ல பெரும்பாலும் நடுவுலயே நிக்கும். வாங்கின கேமராவோட மேனுவல்ல இந்த ஒரு பக்கத்தையாவது படிச்சிடுங்க, புண்ணியமாப் போகும்.

ஹைலைட் வெயிட்டட்: 2014ல நிக்கான் டி810ல வந்தது. ஃபிரேம்ல இருக்கற பளிச்சுன்னு உள்ள இடம் வெளுத்துப் போகாம காப்பாத்தும். மிச்சம் இருட்டானா அதைப் பத்தி கவலைப்படாது. மேடை நிகழ்ச்சி, கச்சேரி எடுக்கறவங்களுக்கு வரம்.

ஒரு கொசுறு தகவல். 1964ல விற்பனைக்கு வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் கேமராவுல பேருலதான் ஸ்பாட் இருக்கும். 1960ல முன்மாதிரியா காட்டினப்ப ஸ்பாட் மீட்டரோட காட்டினாங்க. கடைக்கு வரும்போது ஃபிரேம் முழுக்க சராசரி எடுக்கற மீட்டராயிடுச்சு. பேரை மட்டும் மாத்தல.

சரி, இனி மலை ஏறுவோம்.

காலையில கீழேருந்து மலையைப் பார்த்து

போடிக்கு மேற்கும் வடமேற்குமா மலை. அதனால காலையில சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னால. வெளிச்சம் நேரா மலை முகத்துல விழும். தென்னை, மாந்தோப்பு, பின்னால மலை, மேல நீல வானம்... எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்துல இருக்கும். இங்க மேட்ரிக்ஸ் போதும். யோசிக்கவே வேணாம். நம்பிக்கை இல்லைன்னா பழைய சன்னி 16 கணக்கைப் போட்டுப் பாருங்க. நல்ல வெயில்ல எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 இல்ல 1/125. மீட்டர் சொல்றதும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

சாயங்காலம் கதை தலைகீழ். சூரியன் மலைக்குப் பின்னால போயிடும். வானம் பளபளன்னு இருக்கும்போதே ஊரு நிழலுக்குள்ள வந்துடும். அப்ப மேட்ரிக்ஸ் வானத்துக்கும் தெருவுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ணி ரெண்டு பேருக்கும் திருப்தி இல்லாம ஒரு தீர்ப்பு சொல்லும். உங்களுக்கு எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். மலையோட கோடு வேணும்னா வானத்துல ஸ்பாட் வெச்சு லாக் பண்ணுங்க, தெரு கருப்பாகட்டும். தெருதான் வேணும்னா வானத்தை ஃபிரேம்லருந்து வெட்டுங்க.

மஞ்சு

எங்க பக்கம் மூடுபனிக்கு மஞ்சுன்னுதான் பேரு. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்துல போடிமெட்டு உச்சியில நின்னா, கேரளா பக்கத்துலருந்து மேகம் ஏறி வந்து இந்தப் பக்கம் அருவி மாதிரி கொட்டும். பார்க்க அவ்வளவு வெள்ளை. எடுத்த போட்டோவுல பார்த்தா புகை மூட்டம் மாதிரி அழுக்குச் சாம்பல்.

காரணம் மேல சொன்னதுதான். ஃபிரேம் முழுக்க வெள்ளை, மீட்டருக்கு அது சாம்பல். இங்க மோடை மாத்தி எந்தப் பிரயோஜனமும் இல்ல. மேட்ரிக்ஸ், சென்டர், ஸ்பாட் எல்லாமே அதே மஞ்சைத்தான் பார்க்குது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல +1ல ஆரம்பிங்க. மஞ்சு அடர்த்தியா இருந்தா +1.3, சில சமயம் +1.7 கூட. ஹிஸ்டோகிராம் வலது பக்கம் சாயணும், ஆனா சுவத்துல முட்டக் கூடாது. சாலையில வர்ற ஜீப்போட ஹெட்லைட் மட்டும் முட்டினா பரவாயில்ல, விளக்கு விளக்காத்தான் இருக்கும்.

ஏலத்தோட்டத்துக்குள்ள

இதுதான் பரீட்சை ஹால். ஏலச்செடி நேரடி வெயில்ல வாழாது. மேல உசரமா மர நிழல் இருக்கணும். அந்த மரத்து இலை இடுக்கு வழியா வெயில் துண்டு துண்டா கீழ விழும். ஒரு இலை மேல நெருப்பு மாதிரி வெளிச்சம், பக்கத்து இலையில கும்மிருட்டு. ரெண்டுக்கும் நாலஞ்சு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். மேட்ரிக்ஸ் இங்க குழம்பும். ஒரு அடி தள்ளி நின்னு எடுத்தா வேற நம்பர், குனிஞ்சு எடுத்தா வேற நம்பர்.

முதல் யோசனை: வெயில் நேரத்துல போகாதீங்க. மேகம் மூடின நாள்ல போங்க. துண்டு வெளிச்சம் எல்லாம் காணாமப் போய் தோட்டமே மெத்துன்னு ஒரே வெளிச்சமாயிடும். அப்ப மேட்ரிக்ஸே போதும்.

வெயில்லதான் போக முடியும்னா, ஒரே சீரா வெளிச்சம் விழற ஏல இலையில ஸ்பாட் வைங்க. பச்சை இலை கிட்டத்தட்ட அந்த நடுச் சாம்பல் அளவுதான் வெளிச்சத்தைத் திருப்பும். சாம்பல் அட்டைய சுமந்துக்கிட்டு போக வேண்டியதில்ல, தோட்டமே சாம்பல் அட்டைதான். ஆனா மழை பெஞ்ச இலை வேணாம், ஈரம் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும்.

ஏலப் பூ எடுக்க ஆசைப்படறவங்க முதல்ல முழங்காலுக்கு ஒரு சாக்கு எடுத்துக்கோங்க. பூ செடி உச்சியில இருக்காது, அடியில தரையை ஒட்டி ஓடற சரத்துல இருக்கும். வெள்ளைப் பூ, நடு இதழ்ல ஊதா வரி. சுத்தி கருப்பு மண்ணு. மேட்ரிக்ஸ் மண்ணைப் பார்த்து பூவை சுண்ணாம்பாக்கிடும், ஊதா வரி மறைஞ்சு போகும். பூவோட வெள்ளையில ஸ்பாட் வெச்சு +1.3 கொடுங்க. வெள்ளை வெள்ளையாவும் இருக்கும், வரியும் இருக்கும். ஹைலைட் வெயிட்டட் இருக்கற கேமரான்னா அதையும் முயற்சி பண்ணுங்க.

முகம்

இதுக்குத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

போடியிலருந்தும் சுத்துப்பட்டு ஊர்கள்லருந்தும் விடியக்காலையில ஜீப் ஜீப்பா பெண்கள் மலைக்குப் போவாங்க, காயெடுக்க. தலையில துண்டு, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை. சாயங்காலம் திரும்பி வருவாங்க. எங்க தெருவுல ஒரு பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல போயிட்டு இருக்காங்க. அவங்க மக புது வீடு கட்டி பால் காய்ச்சறப்ப, அம்மா படம் ஒண்ணு சுவத்துல மாட்டணும்னு ஆசைப்பட்டுச்சு. ஏற்கனவே ஒரு ஸ்டுடியோவுல எடுத்திருந்தாங்க. அவரு மரியாதை பண்றதா நினைச்சுக்கிட்டு கம்ப்யூட்டர்ல போட்டு வெளுவெளுன்னு வெளுத்து வெச்சிருந்தாரு. பெரியம்மா அதை என்கிட்ட காட்டி, "தம்பி, இது யாருன்னு நீ சொல்லு பாப்போம்? எம் பேத்தி இதைப் பாத்துட்டு அப்பத்தா எங்கன்னு கேக்குது"ன்னாங்க.

கருப்பு முகத்தை ஃபோட்டோவுல சரியா கொண்டு வராதது எங்க ஊரு ஸ்டுடியோவோட குத்தம் மட்டும் இல்ல. உலகம் பூராவும் இருந்த நோய். கோடக் கம்பெனி ஃபிலிம் பிரிண்ட் போடற லேபுகளுக்கு அனுப்பின மாதிரி அட்டையில பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணோட படம்தான் இருந்துச்சு. ஷெர்லி அட்டைன்னு பேரு. அந்தத் தோல் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம். ஃபிலிம் கருப்பு நிறத்துல நுணுக்கம் காட்டலைங்கற புகார்ல அங்க எடுபட்டது சாக்லேட் கம்பெனிக்காரங்களும் மரச்சாமான் விக்கறவங்களும் சொன்னதுதான். முகத்துக்காக யாரும் அசையல, மேஜைக்காக அசைஞ்சாங்க. ரொம்பப் பின்னால 2021ல கூகுள் பிக்சல் 6 ஃபோன்ல "ரியல் டோன்"னு ஒண்ணைப் போட்டு, எல்லா நிறத் தோலையும் உள்ளபடி காட்டறதா விளம்பரமே பண்ணினாங்க. அவ்வளவு தாமதம்.

சரி, பெரியம்மா படத்துக்கு வருவோம். மலையிலயே எடுக்கறதுன்னு முடிவாச்சு, அதே தலைத்துண்டு, அதே சட்டை. தோட்டத்து ஓரத்துல, மேகம் மூடின நாள். முதல்ல சரிவு ஓரமா நிக்க வெச்சேன். பின்னால பூரா வெள்ளை மஞ்சு. மேட்ரிக்ஸ் 1/500 சொல்லுச்சு. அப்படி எடுத்தா முகம் கரிக்கட்டை. கன்னத்துல ஸ்பாட் வெச்சேன், 1/60 சொல்லுச்சு. மூணு ஸ்டாப் வித்தியாசம்! ஆனா அந்த 1/60ம் வேணாம். ஏன்னா ஸ்பாட் மீட்டர் அவங்க கன்னத்தையும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். அவங்க நிறம் அதை விடக் கருப்பு. மீட்டர் பேச்சைக் கேட்டா ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர்ல செஞ்சதை நான் கேமராவுலயே செஞ்ச மாதிரி ஆயிடும். அதனால -0.7 போட்டு 1/100.

அடுத்து அவங்களை ரெண்டு எட்டு தள்ளி, பின்னால அடர்த்தியா ஏலச்செடி இருக்கற மாதிரி நிக்க வெச்சேன். இப்ப மேட்ரிக்ஸ் 1/50ன்னு சொல்லுது. கவனிச்சீங்களா? அவங்க முகத்துல விழற வெளிச்சம் அப்படியேதான் இருக்கு. பின்னால இருக்கற சீன் மட்டும்தான் மாறிச்சு, அதுக்கு மேட்ரிக்ஸ் மூணு ஸ்டாப்புக்கும் மேல ஆட்டம் போடுது. நான் அதே 1/100ல நின்னேன். தலைத்துண்டோட வெள்ளையில நூல் தெரியுது, நெத்திச் சுருக்கம் தெரியுது, கன்னம் அவங்க கன்னமா இருக்கு.

பின்னால இருக்கற திரையைப் பார்த்து பேசினது பெரியம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "சட்டைப் பட்டன் ஒண்ணு போடல பாரு"ன்னாங்க. அவ்வளவுதான். முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. பட்டனைப் போட்டுட்டு இன்னொண்ணு எடுத்தோம். அதுதான் இப்ப சுவத்துல இருக்கு.

சினிமாவுல இந்தத் தொல்லையே இல்லாம இருக்க, கேமராமேன் கையில தனியா ஒரு மீட்டர் வெச்சுக்கிட்டு நடிகர் முகத்துகிட்டயே பிடிச்சு அளக்கறதைப் பார்த்திருப்பீங்க. அது திரும்பி வர்ற வெளிச்சத்தை இல்ல, விழற வெளிச்சத்தை அளக்கும். வேட்டியும் கரியும் அதுக்கு ஒண்ணுதான். அந்த மீட்டர் வாங்க காசு இல்லாதவங்களுக்கு ஒரு வழி: உங்க உள்ளங்கை. மனுசன் எந்த நிறமா இருந்தாலும் உள்ளங்கை நிறத்துல பெரிய வித்தியாசம் இருக்காது, சாம்பலை விட சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சம். அவங்க முகத்துல விழற அதே வெளிச்சத்துல உங்க கையை நீட்டி, அதுல ஸ்பாட் வெச்சு +1 கொடுங்க. முடிஞ்சது.

காயைப் படம் பிடிக்கறவங்களுக்கு

போடியில ஸ்பைசஸ் போர்டு மின் ஏல மையம் இருக்கறது தெரிஞ்சதுதான். ஏலக்காய்க்கு விலை சொல்றது ரெண்டு விஷயம், அளவும் பச்சையும். 8 மில்லிமீட்டருக்கு மேல, பச்சை மாறாத காய்க்குத்தான் மவுசு. அஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோர்ல பக்குவமா காயவெச்சாத்தான் ஒரு கிலோ வரும். அவ்வளவு பாடுபட்டு காப்பாத்தின பச்சையை ஃபோன்ல ஒரு நொடியில கெடுத்துடறோம்.

தெரிஞ்ச வியாபாரி ஒருத்தர் வெளியூருக்கு வாட்ஸ்அப்புல படம் அனுப்புவாரு. வெள்ளைத் தட்டுல கொட்டி எடுத்தா காய் கருத்துத் தெரியும். "பழைய சரக்கா?"ன்னு கேள்வி வரும். கருப்புத் துணி மேல வெச்சா வெளுத்துத் தெரியும். "கலர் போயிடுச்சே"ன்னு விலையைக் குறைப்பாங்க. நான் சொன்ன வைத்தியம் ரொம்ப சுலபம். சாதாரண சணல் சாக்கு மேல கொட்டுங்க. அதோட நிறம் நடு அளவுக்குப் பக்கத்துல வர்றதால மீட்டர் குழம்பாது. டியூப்லைட் கீழ வேணாம், வாசல் நிழல்ல வைங்க. ஃபோன் திரையில காய் மேல விரலை வெச்சா அதுவே ஒரு மாதிரி ஸ்பாட் மீட்டரிங்தான். ஐஃபோன்ல விரலை அமுக்கிப் பிடிச்சா லாக் ஆயிடும், பக்கத்துல வர்ற சூரியப் பொம்மையை மேலயும் கீழயும் இழுத்து கூட்டலாம், குறைக்கலாம். கையில ஒரு காயை எடுத்து திரைக்குப் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க. இருக்கறதை விட பச்சையா காட்டினா அதுக்குப் பேரு மீட்டரிங் இல்ல, வேற.

கொழுக்குமலை சூரிய உதயம்

எல்லாரும் போற இடம், அதனால சுருக்கமா. சூரியநெல்லியிலருந்து ஜீப்ல போகணும். சூரியனை ஃபிரேம் நடுவுல வெச்சு மீட்டர் பண்ணினா படம் பூரா இருட்டு. சூரியனுக்குப் பக்கத்துல, சூரியன் படாத வானத்துல ஸ்பாட் வெச்சு லாக் பண்ணிட்டு அப்புறம் ஃபிரேம் பண்ணுங்க. சிவப்பு நிக்கும், மலை வரிசை வரிசையா கருப்பா நிக்கும். டெலி லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் வழியா மேல வந்துட்ட சூரியனைப் பார்க்காதீங்க, கண்ணு போயிடும். லைவ் வியூ இருக்கு, அதுல பாருங்க. இன்னொண்ணு, 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க பலர் உயிர் போனது ஞாபகம் இருக்கும். வனத்துறை அனுமதி இல்லாம குரங்கணி பக்கமா ஏறாதீங்க. எந்த போட்டோவும் அதுக்கு ஈடில்ல.

சட்டுனு ஞாபகம் வெச்சுக்க

1. சீரான வெளிச்சம், முதுகுக்குப் பின்னால சூரியன் - மேட்ரிக்ஸ்.
2. மஞ்சு, வெள்ளை - எந்த மோடா இருந்தாலும் கூட்டுங்க.
3. பின்னால பளிச்சுன்னு இருக்கு, முன்னால ஆள் - ஸ்பாட், முகத்துல.
4. முகம் கருப்புன்னா ஸ்பாட் சொல்றதுலருந்து குறைங்க, ரொம்ப வெளுப்புன்னா கூட்டுங்க. சந்தேகமா இருந்தா உள்ளங்கை, +1.
5. கருப்புக்கு நடுவுல வெள்ளை - வெள்ளையில ஸ்பாட் வெச்சு +1.3, இல்ல ஹைலைட் வெயிட்டட்.
6. வெளிச்சம் மாறாத இடத்துல மேனுவலுக்குப் போய் நம்பரை நிறுத்திடுங்க. பின்னணி மாறினா மாறட்டும்.

ரா ஃபைல்ல எடுத்தா அப்புறம் சரி பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. ஒன்றரை, ரெண்டு ஸ்டாப் வரைக்கும் இழுக்கலாம், உண்மைதான். வெளுத்துப் போன வெள்ளை மட்டும் திரும்ப வராது. அதோட, அளவு எடுத்துத் தைச்ச சட்டைக்கும் வாங்கிட்டு வந்து பிடிச்ச சட்டைக்கும் வித்தியாசம் போட்டவனுக்குத் தெரியும்.

ஆடி, ஆவணியில காயெடுப்பு ஆரம்பிச்சா தை, மாசி வரைக்கும் ஓடும். அந்தப் பக்கம் போறவங்க ஒரு நாள் ஸ்பாட் மோடை மட்டும் வெச்சுக்கிட்டு, மூணு பேர் முகத்தை அவங்க நிறத்துலயே எடுத்துட்டு வாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எடுங்க. பிரிண்ட் போட்டு மறக்காம கொண்டு போய்க் கொடுங்க.